விடுமுறையில் வீட்டு வேலையே பாடம்: சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை உண்மையிலேயே மறந்துவிடுவார்களா?

எந்த விடுமுறை என்பதைப் பொறுத்தது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருவது ஒரே ஒரு வாரம். அதில் எதுவும் மறந்துபோகாது; பிள்ளை தூங்கட்டும், விளையாடட்டும். ஜூனில் நான்கு வாரம், ஆண்டு இறுதியில் ஏறத்தாழ ஆறு வாரம். கவனிக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

மறப்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஒரு கருத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை அதை எளிதில் இழப்பதில்லை. கையும் வாயும் பழகிச் செய்பவைதான் முதலில் துருப்பிடிக்கும்: வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், சரளமான வாசிப்பு. நம் வீடுகளில் இந்தப் பட்டியலின் தலையில் நிற்பது தமிழ்ப் பேச்சு. பள்ளி நாளில் தமிழ் வகுப்பாவது இருக்கும். விடுமுறையில் அதுவும் இல்லாமல், வீட்டிலும் ஆங்கிலமே ஓடினால், ஆறு வாரம் பிள்ளை வாயில் தமிழ் வராமலே போய்விடும்.

பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

வாய்ப்பாட்டுக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் நாளுக்கு 10 நிமிடம் போதும், அதற்குப் புத்தகம் உதவும். அதற்கு மேல் திணிப்பதில் பயன் குறைவு. அரையாண்டுத் தேர்வுகளைப் பள்ளிகள் எல்லா நிலைகளிலும் நிறுத்தியாயிற்று. அப்படிக் கிடைத்த மூச்சுவிடும் நேரத்தைத் துணைப்பாட வகுப்பால் நிரப்பிவிடுவது வருத்தமான விஷயம்.

வீட்டு வேலைகளில் எதைக் கொடுப்பது? எல்லாமே பாடமாகுமா?

ஆகாது. துணி மடிப்பது நல்ல பழக்கம், ஆனால் மூன்றாம் முறைக்குப் பிறகு அதில் கற்க ஒன்றுமில்லை. தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் இருக்கிறது: வேலை சரியாக வந்ததா இல்லையா என்பதை அந்த வேலையே காட்ட வேண்டும். மாவு பொங்கியதா, காசு சரியாக வந்ததா, ரயில் சரியான நிலையத்தில் இறக்கிவிட்டதா என்பதைப் பிள்ளை தானே பார்க்கிறது. அம்மாவோ அப்பாவோ ஆசிரியராக நின்று திருத்த வேண்டியதில்லை.

இன்னொன்று, வேலையை முழுசாக ஒப்படையுங்கள். ‘நீ உளுந்தை மட்டும் கொட்டு’ என்றால் பிள்ளை வெறும் எடுபிடி. ‘நாளைக்கு இட்லி மாவு உன் பொறுப்பு’ என்றால் அது யோசிக்கத் தொடங்கும்.

சமையலறையில் எங்கே தொடங்குவது?

இட்லி மாவில். அளவு, விகிதம், நேரம், வெப்பநிலை, நுண்ணுயிர், வரைபடம் எல்லாம் ஒரே பாத்திரத்தில் கிடைக்கும். தொடக்கநிலை 2 முதல் 6 வரை எந்தப் பிள்ளைக்கும் அதற்கேற்ற வேலை உண்டு.

2 கப் இட்லி அரிசி, ½ கப் முழு உளுந்து, ½ தேக்கரண்டி வெந்தயம். விகிதம் 4க்கு 1. இங்கே ஒரு உத்தி: பிள்ளையிடம் கால் கப் ஒன்றை மட்டும் கொடுங்கள். 2 கப் அரிசிக்கு எத்தனை முறை அளக்க வேண்டும் என்று அதுவே கண்டுபிடிக்கட்டும் (8 முறை). அடுத்த வாரம் 3 கப் அரிசி போடச் சொன்னால், உளுந்து முக்கால் கப் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

அரிசியைத் தனியாகவும், உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்துத் தனியாகவும் 4 முதல் 5 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். உளுந்தை முதலில், குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கிரைண்டரில் 20 முதல் 25 நிமிடம் அரையுங்கள். பதம் வந்ததா என்று பார்க்க, ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவைப் போடுங்கள். மிதந்தால் காற்று நன்றாகப் பிடித்திருக்கிறது, மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். இதைப் பார்க்கும் வேலையைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். அரிசியைச் சற்றுக் கரகரப்பாக அரைத்து, முக்கால் தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கையால் கரைக்கவும்.

பெரும்பாலான வீடுகளில் இரவில் கரைத்து வைப்போம். பிள்ளை தூங்கும்போது மாவு பொங்கி முடிந்துவிடும். விடுமுறையில் மாற்றிச் செய்யுங்கள். முந்தின இரவு ஊறவைத்து, காலை 8 மணிக்கு அரைத்துக் கரைத்துவிடுங்கள். (கூடுதல் நேரம் ஊறும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஊறவிடலாம்.) நேரான பக்கங்கள் உள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி அளவுக்கு மாவு ஊற்றி, வெளியே காகித நாடா ஒட்டி, மட்டத்தைப் பேனாவால் கோடிடச் சொல்லுங்கள். பிறகு மணிக்கு ஒரு கோடு, பக்கத்தில் நேரம்.

முதல் 3 மணி நேரம் கோடு நகர்வதே கடினம். பிள்ளை சலித்துக்கொள்ளும் நேரம் இதுதான். நுண்ணுயிர்கள் பெருகிக்கொண்டிருக்கும் நேரமும் இதுதான். நம் ஊர் வெப்பத்தில் பிற்பகலில் கோடுகள் வேகமாக மேலேறும். 8 முதல் 10 மணி நேரத்தில் உச்சம் தொடும், அப்படியே விட்டால் இறங்கவும் செய்யும். அந்த நாடாவைப் பிரித்து நோட்டில் ஒட்டினால் அதுவே வரைபடம். மாவின் ஒரு பங்கை இன்னொரு புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு கோடுகளையும் ஒப்பிடலாம். ‘ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்’ என்று அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மாவு பொங்கவே இல்லை. எங்கே தவறு?

குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்திருப்பீர்கள். அடிக்கடி நடப்பது இது. அடுத்தது, மிக்சியில் தொடர்ந்து அரைத்து மாவு சூடேறியிருக்கும். இடையிடையே நிறுத்தி, ஐஸ் தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீர் கூடிப்போனால் உள்ளே உண்டாகும் வாயு நிற்காமல் வெளியேறிவிடும், மாவு புளிக்கும், ஆனால் எழும்பாது. நாள்பட்ட உளுந்தும் காரணமாகலாம்.

கடையில் வாங்கிய மாவில் செய்தால் அது ஏற்கெனவே பாதி பொங்கியிருக்கும், கோடு எதிர்பார்த்தபடி வராது. புட்டியின் மூடியை இறுக்கிப் பூட்டாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறும். பாதிக்கு மேல் ஊற்றினால் மேசை முழுக்க வழியும்.

மாவு கெட்டுப்போனால் அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காரணம் எதுவாக இருக்கும் என்று ஒன்றை ஊகித்து, மறுமுறை அதை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும். பொங்காத மாவைத் தோசையாக ஊற்றிவிடலாம்.

பின்னங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் குழம்பிவிடாதா?

குழம்பாது, தெளியும். கால், அரை, முக்கால் என்பவை பிள்ளையின் காதில் ஏற்கெனவே விழுந்த சொற்கள். அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது ⅛. மாகாணி 1/16. ‘காலே அரைக்கால் எவ்வளவு?’ என்று பெரியவர்கள் கேட்கும் பழைய கேள்வி இருக்கிறதே, அது ¼ + ⅛ = ⅜. ஒரு சப்பாத்தியை மடித்து மடித்து வெட்டிக் காட்டினால் தொடக்கநிலை 3 பிள்ளையும் விடை சொல்லிவிடும்.

கடைக்கு அழைத்துப்போனால் நச்சரிப்புதான் மிச்சம். என்ன செய்வது?

பட்டியலும் பணமும் பிள்ளையின் கையில் இருக்கட்டும். தேக்கா சந்தையில் காய்கறிக்கு 10 வெள்ளி, ஐந்து பொருள், மிச்சம் எவ்வளவு என்று கடைக்காரர் கொடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். வேலைநாள் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். ஞாயிறு காலை வேண்டாம்; பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்தால் பிள்ளைக்குக் கணக்கு வராது.

தொடக்கநிலை 5இல் விழுக்காடு வரும். உணவக விலைப்பட்டியலில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே சேரும் என்று பொருள். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் மொத்தம் எவ்வளவு? பெரும்பாலான பிள்ளைகள் (பெற்றோரும்தான்) 119 வெள்ளி என்பார்கள். சரியான விடை 119 வெள்ளி 90 காசு. முதலில் சேவைக் கட்டணம் சேர்ந்து 110 ஆகும், வரி அந்த 110க்கும் உண்டு. ரசீது வந்ததும் சரிபார்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் அறிவியல் பரிசோதனைக்கு இடமேது?

புளோக்கின் கீழே வெயில் விழும் ஒரு சதுர மீட்டர் இடம் போதும். சிங்கப்பூர் போல வெப்ப மண்டலத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் அருமையான பரிசோதனை ஒன்று இருக்கிறது. பூமத்தியரேகைக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறோம். அதனால் ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே, நிழல் வடக்கே. நீண்ட விடுமுறை இரண்டும் சரியாக இந்த இரண்டு மாதங்களில் வருவது நம் நல்லூழ்.

30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை ஒரு பால் பெட்டியின் பக்கத்தில் செங்குத்தாக ஒட்டுங்கள், சுழிக் கோடு தரையைத் தொட வேண்டும். நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, அளவுகோல் சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டால் அளவு முழுவதும் பிழையாகும். பெரிய வரைதாளைத் தரை ஓட்டின் விளிம்போடு ஒட்டிவைத்து, பெட்டியை அதன் நடுவில் நிறுத்துங்கள். 12.30 முதல் 1.30 வரை கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளியிட்டு நேரம் எழுதட்டும். கைபேசியின் திசைகாட்டியால் வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது. புள்ளி வைத்ததும் நிழலுக்கு வந்து தண்ணீர் குடிக்கட்டும்.

ஜூனில் மிகக் குட்டையான நிழல் 11, 12 சென்டிமீட்டர் இருக்கும். டிசம்பரில் 12 முதல் 14, ஆனால் எதிர்த்திசையில். மார்ச் விடுமுறையில் அளந்தால் 2 சென்டிமீட்டர்கூடத் தேறுவது அரிது. தாளில் தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். டிசம்பரில் அதே தாளை அதே ஓட்டில் வைத்து மறுபடி புள்ளியிடும்போதுதான் பிள்ளையின் கண் விரியும். டிசம்பர் மழைக்காலம் என்பதால் நாலைந்து நாள் முயல வேண்டியிருக்கும்.

பிள்ளை கட்டாயம் கேட்கும்: ‘ஜூனில் நிழல் குட்டையானது 12 மணிக்கு இல்லையே, 1 மணி தாண்டியல்லவா?’ நம் கடிகாரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, நாம் இருப்பது 104க்கு அருகில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். 16 பாகைக்கு 64 நிமிடம். 1982 ஜனவரி 1இல் சிங்கப்பூர் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டன. தாத்தா பாட்டிக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

செடி வளர்க்கலாமா?

வெந்தயம் போடுங்கள். 2 மேசைக்கரண்டி விதையை இரவு முழுக்க ஊறவைத்து, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் உணவுப் பெட்டியில் மண் பரப்பித் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை, இரண்டு வாரத்தில் குட்டிக் கீரை. அடித்தட்டில் தேங்கும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டுவது பிள்ளையின் பொறுப்பு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும் என்று சொன்னால், ஏன் என்று அதற்கே புரியும். சன்னலுக்கு வெளியே தொட்டி வைக்காதீர்கள். கீழே விழுந்தால் உயிர் போகும்.

வீட்டில் எல்லாரும் ஆங்கிலம்தான். ‘இனி தமிழில் பேசு’ என்றால் பிள்ளை வாயையே திறப்பதில்லை.

நாள் முழுவதையும் தமிழாக்க முயல்வதால்தான் அப்படி. ஒரு வேலையை மட்டும் தமிழுக்கு ஒதுக்குங்கள். சமையல் அதற்கு மிகப் பொருத்தம், காரணம் அதன் வினைச்சொற்கள். ‘கட் பண்ணு’ என்ற ஒன்றுக்குத் தமிழில் எத்தனை! வெங்காயத்தை நறுக்கு, பச்சை மிளகாயைக் கீறு, கேரட்டைத் துருவு, மாங்காயைச் சீவு, கீரையை ஆய்ந்து அரி, பூண்டை நசுக்கு. ஒவ்வொன்றுக்கும் கை வேறு மாதிரி அசைகிறது, அதனால் சொல் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தவறாகப் பேசினால் நிறுத்தித் திருத்த வேண்டாம். ‘அம்மா, ஆனியன் கட் பண்ணவா?’ என்று கேட்டால், ‘ம், வெங்காயத்தை நறுக்கு கண்ணு, பொடியா நறுக்கு’ என்று சொன்னாலே போதும். சரியான சொல் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை. நாலாவது முறை அதுவே ‘நறுக்கவா?’ என்று கேட்கும்.

வேலை முடிந்ததும் ஊரில் இருக்கும் பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு: முதலில் என்ன செய்தோம், பிறகு, அதற்குள், கடைசியில். எழுதிவைத்துப் படிக்க விடாதீர்கள். பாட்டி திருப்பிக் கேள்வி கேட்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தொடக்கநிலை 6 பிள்ளைக்கு வாய்மொழித் தேர்வின் உரையாடல் பகுதிக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அழைக்கும்முன் அங்கே மணி என்ன என்று பிள்ளையே சொல்லட்டும்: இங்கிருந்து இரண்டரை மணி நேரம் கழிக்க வேண்டும்.

தமிழ்ப் புத்தகம் எடுத்துக் கொடுத்தால் ‘பேபி புக்’ என்று தள்ளிவிடுகிறாள்.

ஆங்கிலத்தில் பெரிய கதைகள் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு இரண்டு மூன்று ஆண்டு பின்தங்கியிருப்பது இங்கே வழக்கம். தமிழில் அவள் திறனுக்கு ஏற்ற புத்தகத்தின் கதை அவள் வயதுக்குச் சிறியதாகத் தெரிகிறது. எனவே கதையை விட்டுச் சமையல் குறிப்பு, படக்கதை, விடுகதை, விலங்குகள் பற்றிய நூல் என்று எடுங்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள். நூலகத்தில் இரவல் காலம் 21 நாள். ஜூன் விடுமுறைக்கு ஒரே தவணை ஏறக்குறையச் சரியாகிவிடும்.

வயது வேறுபட்ட இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் பொதுவாக ஏதாவது?

பல்லாங்குழி. பலகை வேண்டியதில்லை. 10 முட்டைக் காகிதப் பெட்டி இரண்டு எடுத்து, ஒன்றை அப்படியே வைத்து, மற்றதிலிருந்து இரண்டுக்கு இரண்டாக நாலு குழியை வெட்டி ஒட்டினால் பக்கத்துக்கு 7 என 14 குழி. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை அல்லது மொச்சை.

தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலி என்றால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்; ஆட்டம் எதிராளிக்குப் போகும். நடுவில் எந்தக் குழியிலாவது 4 சேர்ந்தால் அது ‘பசு’, அந்தப் பக்கத்துக்காரருக்கு. சின்னவனுக்கு இது எண்ணிக்கை. பெரியவளுக்கு, எந்தக் குழியை எடுத்தால் எங்கே முடியும் என்று போடும் முன்பே சொல்லும் கணிப்பு. மலாய் நண்பர் வீட்டில், பல்லாங்குழி போன்ற சொங்காக் பலகை இருந்தால் அதையும் ஆடி, எது ஒன்று, எது வேறு என்று பார்க்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

வெளியே எங்கே போகலாம்?

கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடம் இலவசம். முழுவதையும் சுற்றிக் காட்டாதீர்கள். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து 20 நிமிடம் வரையச் சொல்லுங்கள். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு ஆண்டு இறுதியில் போங்கள். வலசை வரும் உள்ளான் வகைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் இருக்கும். ஜூனில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால், சேற்றில் துள்ளும் மீன்களையும் உடும்பையும் காணலாம். போகும் வழியை ரயில் வரைபடத்தில் பிள்ளையே தீர்மானிக்கட்டும், எத்தனை நிலையம், எங்கே மாறுவது, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது உட்பட.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். இதற்கெல்லாம் நேரம்?

வாரத்துக்கு ஒரே ஒரு வேலை போதும். இட்லி மாவுக்குச் சனிக்கிழமை. வேலைநாள் மாலையில் 15 நிமிடம் பல்லாங்குழி அல்லது குரல்பதிவு. பகலில் பாட்டியோ பணிப்பெண்ணோ பார்த்துக்கொண்டால், அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவசரப்பட்டுப் பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிச் செய்துவிட வேண்டாம்.

மகன் எதைச் சொன்னாலும் ‘வேண்டாம்’ என்கிறான்.

வேலைக்கு நடுவே நீங்கள் எத்தனை கேள்வி கேட்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ‘அரை கப்புக்கு எத்தனை கால் கப்? சரி, ஒரு கப்புக்கு?’ என்று அடுக்கினால் அது தேர்வுதான், இட்லி இல்லை. கணக்கு வேலைக்குள்ளேயே இருக்கிறது, அதை நீங்கள் வெளியே எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. இரண்டு வேலைகளைச் சொல்லி எது வேண்டும் என்று கேளுங்கள்.

ஜனவரியில் தொடக்கநிலை 1 போகிறாள். நவம்பர், டிசம்பரில் என்ன பழக்கலாம்?

எழுத்தைவிட முக்கியம் இடைவேளை. அரை மணி நேரத்துக்குள் வரிசையில் நின்று, உணவு வாங்கி, உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும். வீட்டில் ஊட்டிவிட்டுப் பழகிய குழந்தைகள் இங்கேதான் திணறுகிறார்கள். உணவங்காடி நிலையத்தில் நீங்கள் இரண்டடி தள்ளி நின்று, அவளையே கேட்டு வாங்க விடுங்கள். 5, 10, 20, 50 காசுகளையும் 1 வெள்ளியையும் தொட்டுப் பார்த்தே அடையாளம் சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள். தண்ணீர்ப் புட்டியைத் தானே திறக்க, காலணியைத் தானே மாட்டத் தெரிய வேண்டும்.

பள்ளி திறக்கும்போது எழுப்பவே முடிவதில்லை. எப்போது பழக்கத்தைத் திருப்புவது?

ஒரே நாளில் திருப்ப முடியாது. படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் நாளுக்கு 15 நிமிடமாக முன்னே நகர்த்துங்கள். காலை 9 மணிக்கு எழுந்து பழகிவிட்ட பிள்ளையை 6 மணிக்குக் கொண்டுவர 12 நாள் ஆகும். திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாளில் தொடங்க வேண்டும் என்று நாட்காட்டியில் பிள்ளையே வட்டமிடட்டும்.